காலை பத்துக்கு முன் ரயில்கார்டு

இங்கிலாந்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் கையில் ‘16-25 ரயில்கார்டு’ இருக்கும். ஆண்டுக்கு 35 பவுண்டு கட்டினால் ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நல்ல லாபம்தான். ஆனால் அதிலுள்ள நேரக் கட்டுப்பாட்டைக் கவனிக்காமல் போனால் வழக்கு வரைக்கும் இழுத்துவிடும்.

திங்கள் முதல் வெள்ளி வரை, அதிகாலை 4.30-க்கும் காலை 10-க்கும் இடையில் கிளம்பினால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. அந்த நேரத்தில் கார்டே செல்லாது என்று சிலர் சொல்வது தவறு. முழுக் கட்டணம் 30 பவுண்டு என்றால் காலை எட்டு மணிக்கும் 20 கொடுத்தால் போதும். 15 என்றால் தள்ளுபடி போக 10 ஆகும். ஆனாலும் 12 கொடுத்தாக வேண்டும். 9 பவுண்டு டிக்கெட்டுக்குத் தள்ளுபடியே கிடையாது. அதனால் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊருக்குப் போய்வருகிறவர்கள்தான். ஜூலை, ஆகஸ்டில் இந்த விதி இல்லை. 26-30 வயதினருக்கான கார்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

2024-ல் 22 வயதுப் பட்டதாரி ஒருவர் எந்த நேரத்திலும் பயணிக்கக்கூடிய ‘எனிடைம்’ டிக்கெட்டைக் கார்டுத் தள்ளுபடியில் வாங்கி, காலையில் மான்செஸ்டருக்குப் போனார். குறைவாகக் கட்டியது 1.90 பவுண்டு. வழக்குத் தொடுப்போம் என்று ‘நார்தர்ன்’ ரயில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. செய்தி நாடெங்கும் பரவிய பிறகே அதைக் கைவிட்டார்கள்.

இவ்வளவு சின்னத் தொகைக்கு வழக்கா என்று கேட்கலாம். 1889-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். ரயில்வே துணைவிதி 18-க்கு அது தேவையில்லை. செல்லுபடியாகும் டிக்கெட் இல்லையென்றாலே குற்றம். தெரியாமல் செய்தவரையும் தெரிந்தே ஏய்ப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். மீதிப் பணத்தை ரயிலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் முறை.

விதி மாறும் வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது எந்த ரயிலில் ஏறப் போகிறீர்களோ அதன் நேரத்தையே கொடுங்கள். பத்தரை மணி ரயிலுக்கு எடுத்த தள்ளுபடி டிக்கெட்டோடு ஒன்பது மணி ரயிலில் ஏறாதீர்கள். கடிதம் வந்தால் ஒதுக்கி வைக்காமல், கெடுவுக்குள் நடந்ததை எழுதி, மீதியைக் கட்டத் தயார் என்று சொல்லுங்கள். பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவில் உதவி கேளுங்கள். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்; விசா விண்ணப்பத்தில் பழைய தண்டனைகளைப் பற்றிக் கேட்பார்கள்.