செல்போனும் பல்லாங்குழியும்

"அம்மா, இன்னைக்கும் மூணு ஸ்டார்!" என்று என் சின்ன மகன் செல்போனைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அது 2021-ஆம் ஆண்டு ஆடி மாதம். மலையில் சாரலும் மூடுபனியும் விட்டபாடில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவன், வீட்டில் உட்கார்ந்தபடியே மூன்றாவதை முடித்து நாலாவதுக்கு வந்திருந்தான். மலைப்பூண்டு விற்ற காசில் வாங்கிய போன் அது. அதில் ஒரு கணக்கு விளையாட்டு. வாய்ப்பாடு கேட்கும், நாலு விடை காட்டும், சரியானதைத் தொட்டால் பச்சை விளக்கு எரிந்து பலூன் பறக்கும்.

ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே, "ஏழெட்டு எத்தனைடா?" என்று கேட்டேன்.

"போனைக் குடும்மா, சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை கணக்கே போடவில்லை! முதல் விடையைத் தொட்டான், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது பச்சை, உடனே பலூன். ஒரு வருஷமாக நான் பூரித்துப்போன ஸ்டாரெல்லாம் இப்படி வந்தவைதான்.

"பிடுங்கி அலமாரியில வை" என்றார் இவர். வைக்கலாம்தான், ஆனால் டீச்சர் பாடம் அனுப்புவதும் அதே போனில்தானே? எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பேரிக்காய் மரத்தடியில் மட்டும். மழை வந்தால் அதுவும் போய்விடும். அப்போதெல்லாம் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் கைகொடுத்தது. கரண்ட் இருந்தால்!

சகோதரிகளே, ஒன்றை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் பிளஸ் டூ படித்தவள். ஆனாலும் போனில் பேசுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க எனக்கே பயம், அதைத்தான் "வேலை இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அவனையே வாத்தியாராக்கினேன். 2018 முதல் வந்த நம் அரசுப் பாடப் புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறதே, கியூ.ஆர். கோடு, அதைப் போனில் காட்டினால் பாடம் படமாக வருகிறது. சில பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்றும் ஒரு பகுதி உண்டு. எனக்குச் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் அவனும் பாடத்தைப் படித்தான். "இப்படி அமுக்கணும்மா, இதுகூடத் தெரியாதா?" என்று அவன் அதட்டும்போது கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

வாய்ப்பாட்டுக்கு வழி சொன்னது என் அத்தை, அதாவது மாமியார். பரண்மேல் கிடந்த பல்லாங்குழியை இறக்கித் துடைத்து வைத்தார். புளி நம் மலையில் விளையாது, வத்தலக்குண்டிலிருந்து வந்த புளியில் எடுத்து வைத்த கொட்டைகள் இருந்தன. எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு ஐந்து. பதினாலு குழிக்கு எழுபது. நாலு சேர்ந்தால் 'பசு', அதைக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணத் தெரியாவிட்டால் தோல்விதான். முதல் ஆட்டத்தில் அவனுக்கு 32, அத்தைக்கு 38. அடுத்த ஆட்டத்துக்கு அவரவர் முத்தால் அவரவர் ஏழு குழியை நிரப்ப வேண்டும்.

"உனக்கு எத்தனை குழி நிரம்பும்?" என்றார் அத்தை.

விரலை மடக்கினான். "ஆறு குழி. ரெண்டு மிச்சம்."

வகுத்தல் கணக்கை அவன் அன்றைக்குத்தான் போட்டான். ஒரு குழி மூடிப் போனதில் கண்ணில் தண்ணீர் வேறு. பச்சை விளக்கும் பலூனும் இங்கே இல்லை; தப்பாக எண்ணினால் பாட்டி முத்தை அள்ளிக்கொள்வார்.

இதற்காகப் போன் விளையாட்டு வீண் என்று நான் சொல்லவில்லை. அதில் எத்தனை தடவை தோற்றாலும் யாரும் தலையில் குட்டுவதில்லை, சலிக்காமல் திரும்பக் கேட்கிறது. வகுப்பில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைக்கு அது பெரிய தைரியம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பரிசு தருகிற விளையாட்டு குருட்டுத்தனமாகத் தொடுவதைத்தான் பழக்குகிறது. அதனால் நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: விடையை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும், பிறகுதான் விரல் வைக்க வேண்டும். நான் அடுப்படியில் இருந்தாலும் காதில் விழும். இரண்டு மாதத்தில் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டான்.

2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தார்கள். அடுத்த வீட்டு மதினியின் மகள் பாவம், பள்ளிக்கூடமே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். 'அ'னா எழுதத் தெரியாது. அரசு அந்தச் சமயம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர் ஒரு பெண், சாயங்காலம் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக் கொடுத்தாள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கிற நிலையைப் பார்த்து அதற்கேற்றபடி ஆட்டமும் அட்டையும் வைத்து நடத்துவது. மதினி, "என்னங்க, வெளையாடிட்டே இருக்காளுக?" என்று அங்கலாய்த்தார். தீபாவளிக்குள் அந்தப் பிள்ளை பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்ததும் அங்கலாய்ப்பு நின்றது.

சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோறு ஊட்ட நாமே போனை நீட்டுகிறோமே, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் இருக்கிறது. கிட்டப் பார்வையும் சேர்ந்து வருகிறது. என் மகனுக்கே ஐந்தாம் வகுப்பில் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. "வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கம்மா" என்றார் கண் டாக்டர். பகலில் வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப் பார்வை வருவது குறைவு என்பது பல நாட்டு ஆராய்ச்சியில் தெரிந்ததாம். வருஷம் பாதி மூடுபனி இருக்கிற ஊரில், வெயில் தலைகாட்டியதும் இப்போது நானே அவனை வெளியே துரத்துகிறேன்.

இப்போது அவன் எட்டாவது. இராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் அடுப்படி அலமாரியில் இருக்க வேண்டும் என்பதில் தினமும் எங்களுக்குள் சண்டை. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, குழிகளை விரலால் தடவித்தான் எண்ணுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இரண்டு குழி மூடியது. "பாட்டி, நீங்க ஏமாத்துறீங்க" என்றான். "எண்ணிப் பாருடா" என்று முத்துக்களை அவன் பக்கம் தள்ளினார்.