தலைக்கு எத்தனை டன்?

எட்டுப் பேர் வாழும் வீட்டின் மின்சாரக் கட்டணத்தையும் இரண்டு பேர் வாழும் வீட்டின் கட்டணத்தையும் அப்படியே ஒப்பிட்டு, பெரிய குடும்பத்தை ஊதாரி என்று சொல்வோமா? மாட்டோம். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதே நியாயம். நாடுகள் விடும் புகைக்கும் இதே நியாயம்தான். ரயில்வே மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யூனிட் கணக்கு பார்த்த பழக்கத்தில் இதையும் வகுத்துப் பார்த்தேன்.

எடுத்துக்கொண்டவை பிரான்ஸும் ஜெர்மனியும். இரண்டும் அண்டை நாடுகள், வசதியானவை. கரியமில வாயு, மீத்தேன் முதலிய வெப்பம் தேக்கும் வாயுக்களை எல்லாம் சேர்த்து, கரியமில வாயுவின் எடையாக மாற்றிச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் 2023இல் ஜெர்மானியர் ஒருவருக்குச் சுமார் 8 டன். பிரெஞ்சுக்காரருக்குச் சுமார் ஐந்தரை டன்.

இந்த இரண்டரை டன் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கார், லாரி ஓட்டத்தில் இல்லை. போக்குவரத்தில் இரு நாட்டாருக்கும் தலைக்கு ஏறக்குறைய 2 டன்தான். மாடுகளிலும் இல்லை, பிரான்ஸில் விவசாயத்தின் பங்கு அதிகம். வித்தியாசத்தின் பெரும்பகுதி மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை அடங்கிய எரிசக்தித் துறையில் இருக்கிறது. அங்கே ஜெர்மனிக்குத் தலைக்கு 2 டன்னுக்கு மேல். பிரான்ஸுக்கு அரை டன்தான்.

காரணம் பழையது. 1973இல் பெட்ரோலிய விலை எகிறியதும், 1974இல் பிரான்ஸ் அணுமின் நிலையங்களை வரிசையாகக் கட்ட முடிவெடுத்தது. முதலில் எண்ணெய் எரிக்கும் டர்பைனோடு சோதித்த அவர்களின் அதிவேக ரயிலும் மின்சாரத்துக்கு மாறி, 1981இல் பாரிஸ் - லியோன் தடத்தில் ஓடத் தொடங்கியது. இன்று அங்கே மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது.

ஜெர்மனி நம் நெய்வேலியில் தோண்டுவது போன்ற பழுப்பு நிலக்கரியை நம்பி வளர்ந்த நாடு. கடைசி மூன்று அணுமின் நிலையங்களை 2023 ஏப்ரலில் மூடியது.

இதனால் ஜெர்மானியரைச் சோம்பேறிகள் என்று எண்ணிவிடக் கூடாது. 1990இல் அவர்கள் கணக்கு தலைக்குச் சுமார் 16 டன். அது பாதியாகியிருக்கிறது! கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகள் மூடப்பட்டது ஒரு காரணம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் இன்னொரு காரணம். 2023இல் அவர்களின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இத்தகைய புதுப்பிக்கும் வழிகளில் வந்தது. பிரான்ஸ் அதே காலத்தில் சுமார் 9 டன்னிலிருந்து இறங்கியது.

பிரான்ஸின் வழியிலும் முள் உண்டு. 2022இல் குழாய்களில் விரிசல் கண்டு பல அணு உலைகளை நிறுத்த நேர்ந்தது. மின்சாரம் விற்ற நாடு அந்த ஆண்டு வாங்கும் நாடாயிற்று. அணுக்கழிவை என்றென்றைக்கும் புதைக்கும் சுரங்கமும் இன்னும் தயாராகவில்லை. மேலும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொருள்களின் புகையைச் சேர்த்தால் பிரெஞ்சுக்காரர் கணக்கு கணிசமாக ஏறும்.

நமக்கு இதில் என்ன? 1950களின் பிற்பகுதியில், பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடுதான் நம் ரயில்வே 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரத்தை ஏற்றது. இன்று நம் அகலப் பாதைகள் அநேகமாக முழுவதும் மின்மயம். ஆனால் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பிரான்ஸில் பாண்டோகிராஃப் தொடும் கம்பியும் இங்கே தொடும் கம்பியும் பார்வைக்கு ஒன்றுதான். பின்னால் இருக்கும் கொதிகலன் வேறு.

இந்தியரின் கணக்கு தலைக்குச் சுமார் 3 டன்தான். உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் இனிமேல்தான் நம் வீடுகளில் ஏ.சி.யும் மின்சாரக் காரும் பெருகப் போகின்றன. அவை எத்தனை என்பதைவிட, அவற்றுக்கு மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதே நம் பேரப்பிள்ளைகளின் கணக்கைத் தீர்மானிக்கும். மின்சார வண்டி என்றதும் புகையில்லா வண்டி என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதன் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.