புள்ளிக்குப் பின்னால் ஒரு சாவி

புதுக் கணினியில் வேலை செய்ய உட்கார்வது அடுத்தவர் சமையலறையில் காபி போடப் போவது மாதிரி. எல்லாம் இருக்கும், எது எங்கே என்றுதான் தெரியாது. நிரல் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய கணினியிலிருந்து சில சின்னக் கோப்புகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டால், திரையின் நிறம், எழுத்தின் அளவு, நீளமான கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள் என்று பல வருஷப் பழக்கமெல்லாம் சில நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிடும்.

லினக்ஸிலும் மேக்கிலும் இந்தக் கோப்புகளில் பலவற்றின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அப்படித் தொடங்கினால் பட்டியலில் கண்ணில் படாது. யோசித்துச் செய்த ஏற்பாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. இவற்றின் மூதாதையான யூனிக்ஸ் பெல் ஆய்வகத்தில் உருவான காலத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் தன்னைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும் மேல் கோப்புறையைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் இருந்தன. பட்டியல் போடும்போதெல்லாம் இவை இரண்டும் வந்து நின்றன. அவற்றைத் தவிர்க்க ஒரு சிறு சோதனையைச் சேர்த்தார்கள்: முதல் எழுத்து புள்ளி என்றால் விட்டுவிடு. முழுப் பெயரையும் ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டோடு போயிருக்கும். முதல் எழுத்தை மட்டும் பார்த்ததால், புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின. பின்னாளில் அங்கே பணியாற்றிய ராப் பைக் இதைத் தற்செயலான பிழை என்றே எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டாக உலகம் அந்தப் பிழையை வசதியாகப் பயன்படுத்திவருகிறது.

புள்ளி மறைக்கும், பூட்டாது. கட்டளையில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அமைப்புக் கோப்புகள் தெரிந்தால் நஷ்டமில்லை. பலர் அவற்றை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஊரறியப் போட்டே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில், அதேபோலப் புள்ளி வைத்த இன்னொரு கோப்புறையும் இருக்கிறது. எஸ்எஸ்எச் சாவிகள் அதற்குள்தான் இருக்கின்றன.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ புகுந்து கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அதைத் தடுக்க அங்கிருந்த டாட்டு யுலோனன் எழுதிய நிரல்தான் எஸ்எஸ்எச். கடவுச்சொல்லே அனுப்பாமல் தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய அது வழி செய்தது. ஒரு கட்டளை கொடுத்தால் தனிச் சாவி, பொதுச் சாவி என்று இரண்டு கோப்புகள் பிறக்கும். இன்று பரவலாக இருக்கும் இடி25519 ரகத்தில் தனிச் சாவியின் உயிர் வெறும் 32 பைட். பொதுச் சாவி ஒற்றை வரி. அதைச் சர்வரில் ஒட்டிவிட வேண்டும்.

நுழையும்போது இரு பக்கமும் அந்த இணைப்புக்கென்றே ஒரு புது எண்ணை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் கணினி அதன்மேல் தனிச் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்பும். கையெழுத்தைச் சரிபார்க்கப் பொதுச் சாவி போதும், போடத்தான் முடியாது. யாராவது வழியில் பிடித்தாலும் பயனில்லை. அடுத்த முறை எண் வேறு. பொதுச் சாவியை வைத்துத் தனிச் சாவியைக் கணக்கிடலாம் என்றால், நூறு கோடி கணினிகள் நொடிக்கு நூறு கோடி படி வீதம் ஓடினாலும் இரண்டு லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

இந்தக் கணக்கெல்லாம் அந்த 32 பைட் உண்மையிலேயே தாறுமாறாக இருந்தால்தான். சொன்னதையே செய்யும் இயந்திரத்துக்குத் தாறுமாறு எங்கிருந்து வரும்? விசைகள் எந்தக் கணத்தில் தட்டப்பட்டன, வட்டும் வலையமைப்பும் எப்போது குறுக்கிட்டன என்பன போன்ற நேர நுணுக்கங்களைத் திரட்டித்தான் லினக்ஸ் அதைச் சமைக்கிறது. 2006இல் டெபியன் லினக்ஸில், ஒரு சோதனைக் கருவி குறை சொன்னது என்பதற்காக சாவி செய்யும் நிரல் இந்தத் தாறுமாறைச் சேர்த்துக்கொள்வதற்கான குறிமுறையை எடுத்துவிட்டார்கள். எஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் வரிசை எண் மட்டும். அப்போது அதன் வழக்கமான உச்சம் 32,768. 2008இல் கண்டுபிடிக்கும்வரை அங்கே பிறந்த சாவிகளையெல்லாம் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துவிடலாம் என்ற நிலை. பார்வைக்கு அவையும் நல்ல சாவிகள் போலத்தான் இருந்தன.

கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் அமைப்புக் கோப்புகளை ஏற்றும் அவசரத்தில் சாவியும் கூடவே ஏறிவிடுவது இன்னொரு ஆபத்து. மறுநாள் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் சொந்தத் தனிச் சாவி ஒன்றே பொதுவெளியில் சற்று நேரம் கிடந்து, அதை மாற்ற வேண்டியதாயிற்று.

புதுக் கணினிக்கு அமைப்புக் கோப்புகளைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். சாவியைக் கொண்டுவராதீர்கள். புதிதாக ஒன்று செய்து, அதற்கும் ஒரு நீளமான கடவுச்சொல் வையுங்கள். பழைய கணினியைக் கைமாற்றும் முன், அதன் பொதுச் சாவி வரியை எல்லாச் சர்வர்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.