எண்ணெய், பொடி, வெந்நீர்: தோலுக்கு ஒரு பழைய வரிசை

மாவு மில் வாசலில் நிற்கும் அம்மாக்கள் சிலர், கையில் இருக்கும் பையை அவ்வளவு சுலபத்தில் மில்காரரிடம் கொடுத்துவிட மாட்டார்கள். "அண்ணே, இது குளியல் பொடி. மிளகாய் அரைச்ச கையோட இதப் போட்டுடாதீங்க. மொதல்ல ரெண்டு கை அரிசியப் போட்டு ஓட்டிட்டு, அப்புறமா போடுங்க" என்பார்கள். அந்த அரிசியையும் தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அரைத்து வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்துப் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். எரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகம் தெளியும்.

பைக்குள் பாசிப்பயறு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், கஸ்தூரி மஞ்சள் என்று வீட்டுக்கு வீடு மாறும் ஒரு சேர்க்கை இருக்கும். மணம் போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் நிழலில் காயவைத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் இதன் பெயர் நலங்கு மாவு.

இதே சரக்குகள் இன்று கண்ணாடிக் குப்பிகளில் அடைபட்டு, 'ஆயுர்வேதம்', 'இயற்கை' என்ற பெயர்களோடு பெரிய கடைகளில் அழகு சாதனங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சின்னக் குப்பியின் விலையில் வீட்டுக்கே ஒரு வருடத்துக்கான பொடி அரைத்துவிடலாம். விலை ஒருபுறம் இருக்கட்டும். தோலைப் பற்றி ஆயுர்வேதம் உண்மையில் என்னதான் சொன்னது?

நூல்கள் சொன்ன முறை

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் தோல் பராமரிப்புக்கென்று தனியாக ஓர் அழகுக்கலை அத்தியாயத்தைத் தேடினால் கிடைக்காது. அது 'தினசரியை' என்னும் அன்றாட ஒழுங்குக்குள் அடங்கியிருக்கிறது. காலையில் எழுவது, பல் துலக்குவது, எண்ணெய் தேய்ப்பது, உடற்பயிற்சி, பொடி தேய்ப்பது, குளிப்பது என்று போகும் பட்டியலில் தோலும் ஓர் உறுப்பு. அந்த மூல நூல்களின் ஆசிரியர்களில் சரகர் தோலை ஆறு அடுக்காகவும், சுஸ்ருதர் ஏழு அடுக்காகவும் பிரித்துச் சொன்னார்கள். தோலில் உறைந்து அதன் நிறத்தையும் ஒளியையும் காப்பது 'பிராஜக பித்தம்' என்பது அந்த மருத்துவத்தின் கணக்கு.

முதலில் எண்ணெய். எண்ணெய் பூசிய குடம், எண்ணெய் ஊறிய தோல், எண்ணெய் விட்ட வண்டி அச்சு ஆகியவை எப்படி உறுதியாக நெடுநாள் உழைக்குமோ, அப்படித்தான் எண்ணெய் தேய்த்த உடம்பும் என்று சரகர் உவமை காட்டுகிறார். 'அஷ்டாங்க ஹிருதயம்' எழுதிய வாக்படர், தலை, காது, பாதம் மூன்றுக்கும் எண்ணெயை முக்கியமாகத் தேய்க்கச் சொல்கிறார். கையோடு, யார் தேய்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறார்: கபம் கட்டியவர்கள், அஜீரணத்தில் இருப்பவர்கள், வாந்தி பேதி போன்ற சுத்திகரிப்புச் சிகிச்சையை அப்போதுதான் முடித்தவர்கள்.

அடுத்தது பொடி. 'உத்வர்த்தனம்' என்று அதற்குப் பெயர். உலர்ந்த பொடியை உடம்பில் தேய்த்தால் கபமும் கொழுப்பும் கரையும், தோல் தெளியும் என்பது வாக்படர் சொல்லும் பலன். கடைசியாகக் குளியல். கழுத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றினால் பலம், அதே வெந்நீரைத் தலையில் ஊற்றினால் கண்ணுக்கும் முடிக்கும் கேடு என்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. எண்ணெய் தோலை மிருதுவாக்குகிறது. மிஞ்சிய எண்ணெயையும் அழுக்கையும் பொடி எடுத்துவிடுகிறது. நீர் அலசுகிறது. மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. எண்ணெயே தேய்க்காமல் வறண்ட தோலில் பொடியை மட்டும் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டு, "சேரலை" என்று சொல்வதில் பொருளில்லை.

எல்லோருக்கும் ஒரே எண்ணெய், ஒரே பொடி என்பதும் அந்த மருத்துவத்தில் கிடையாது. வாத உடம்புக்காரரின் தோல் வறண்டிருக்கும், அவருக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும். பித்த உடம்புக்காரரின் தோல் சட்டென்று சிவக்கும், எரியும். அவருக்குச் சந்தனம், வெட்டிவேர் போன்ற குளிர்ச்சியான சரக்குகள். கப உடம்புக்காரரின் தோலில் எண்ணெய்ப்பசை அதிகம், அவருக்குப் பொடியே பிரதானம். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப இதுவும் மாறும்.

இன்றைய அறிவியல் பார்க்கும் விதம்

வாத பித்த கபம் என்ற மொழியை இன்றைய தோல் மருத்துவம் பேசுவதில்லை. ஆனால் எண்ணெய், பொடி என்ற வரிசையை அதன் மொழியிலும் விளக்கலாம். தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு காரை. இந்தக் காரை கரைந்துபோனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே போகும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு காரத்தன்மை கொண்டது, அதன் அளவு 9 முதல் 10 வரை. அழுக்கை எடுக்கும் சோப்பு அந்தக் காரையையும் கொஞ்சம் சேர்த்தே எடுத்துப் போகிறது. குளித்து முடித்ததும் தோல் 'இழுப்பது' அதனால்தான். பாசிப்பயற்று மாவு அப்படி வெட்டி எடுப்பதில்லை. அதன் மாவுச்சத்து மிகையான எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு உதிர்கிறது.

எண்ணெய்க்கும் சான்று உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் தோல் வறட்சி இருந்த 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும், மருந்தகங்களில் கிடைக்கும் மினரல் ஆயிலையும் 2 வாரம் ஒப்பிட்டுப் பார்த்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஈரத்தைக் காப்பதில் இரண்டும் சமமாகவே இருந்தன. அதற்காக முகப்பரு உள்ள பெண் முகத்தில் தேங்காய் எண்ணெயைப் பூசக் கூடாது. துளைகள் அடைபட்டுப் பரு கூடும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கும் எண்ணெய்தான் தீனி. கபம் கட்டியவர்களுக்கு எண்ணெய் வேண்டாம் என்று வாக்படர் போட்ட தடையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

சரகர், தோலின் நிறத்துக்கு நன்மை செய்யும் பத்துச் சரக்குகளை 'வர்ண்யம்' என்ற தொகுப்பாகச் சொல்கிறார். சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி, அறுகம்புல் எல்லாம் அதில் வருகின்றன. இவற்றில் அதிமதுரத்தை ஆய்வுக்கூடங்கள் நிறையச் சோதித்திருக்கின்றன. அதிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருள், தோலில் கருநிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. கரும்புள்ளிகளுக்கான இன்றைய பல களிம்புகளில் அதிமதுரச் சாறு இருப்பதற்கு இதுவே காரணம்.

மஞ்சளுக்கு நடந்த வழக்கு

மஞ்சளின் கதை நீதிமன்றக் கதை போலவே விறுவிறுப்பானது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு, 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிகள் வெட்டுக்காயத்தில் அப்பிய மஞ்சள்தான் அது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. "எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் கேட்காது. எழுத்தில் காட்ட வேண்டும். பழைய சமஸ்கிருத நூல்கள் முதல் இந்திய மருத்துவ இதழில் 1953-இல் வந்த கட்டுரை வரை 32 சான்றுகள் அடுக்கப்பட்டன. 1997-இல் காப்புரிமை ரத்தானது. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகத்தான் நாட்டின் பாரம்பரிய மருத்துவக் குறிப்புகளைத் தொகுக்கும் மின்னணு நூலகம் உருவானது.

மஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தரும் குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசிய வீட்டு வழக்கத்துக்கு இது பொருந்திப்போகிறது. ஆனால் மஞ்சள் எல்லோருக்கும் சேரும் என்றில்லை. சிலருக்கு ஒவ்வாமையால் அரிப்பும் தடிப்பும் வருவது மருத்துவப் பதிவுகளில் உள்ளது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நாட்டு மருந்துக் கடையில் 'கஸ்தூரி மஞ்சள்' என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது வேறொரு கிழங்கு. உண்மையான கஸ்தூரி மஞ்சளை அடையாளம் காண இரண்டு வழிகள் உண்டு. முகர்ந்தால் கற்பூர வாசம் அடிக்கும். பொடி வெளிறிய நிறத்தில் இருக்கும், தோலில் மஞ்சள் கறை ஒட்டாது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் பொடி இருந்தால் சந்தேகப்படலாம்.

குங்குமாதி தைலம் இன்னொன்று. இதில் வரும் 'குங்குமம்' நெற்றியில் வைக்கும் குங்குமம் இல்லை, குங்குமப்பூ. ஒரு கிலோ குங்குமப்பூவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்களைக் கையால் பறித்து, நடுவிலிருக்கும் சிவந்த இழைகளை மட்டும் ஆய வேண்டும். அப்படிப்பட்ட பொருளை முதன்மையாகக் கொண்ட தைலம் நூறு ரூபாய்க்குப் பெரிய குப்பி நிறையக் கிடைத்தால், அதில் குங்குமப்பூ எவ்வளவு இருக்கும் என்பதை வாங்குபவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் வாங்கும் ஆயுர்வேதத் தயாரிப்பில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்க்கப்பட்ட சரக்குகளின் பட்டியல் நான்கும் இருக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ்தான் இவை தயாராகின்றன. உறையில் இவை இல்லாவிட்டால் அந்தப் பொருளைக் கடையிலேயே வைத்துவிடுவது நல்லது.

இயற்கையும் சுடும்

சித்த மருத்துவர்கள் சொல்லும் நலங்கு மாவுச் சரக்குகளில் கார்போக அரிசியும் ஒன்று. இந்த விதையில் சோரலென் என்ற பொருள் உண்டு. வெயில் படும்போது தோலை அது கூர்மையாகத் தூண்டும். அந்தக் குணத்தை வைத்துத்தான் வெண்புள்ளிக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஒளிச் சிகிச்சை தருகிறார்கள். அதே விதையை அளவு தெரியாமல் அள்ளிப் போட்டு, சரியாக அலசாமல் வெயிலில் போனால் தோல் கறுத்துக் கொப்பளிக்கலாம். எலுமிச்சையும் அப்படித்தான். சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலுக்குப் போன எத்தனையோ பேருக்கு, இருந்த கருமை போதாதென்று புதுத் திட்டுகள் வந்திருக்கின்றன.

இவற்றை விடக் கொடியது, 'மூலிகை' என்ற பெயரில் ஊர் பேர் தெரியாத டப்பாவில் வரும் வெளுப்பு களிம்பு. தோலைச் சீக்கிரம் வெளுக்க வைக்க அதில் பாதரசம் கலப்பதுண்டு. மினமாட்டா சர்வதேச ஒப்பந்தம், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருள்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. ஆனாலும் 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய களிம்புகளைப் பூசிவந்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் பூசியது சிறுநீரில் புரதமாக வந்து நின்றது.

இப்படி வெளுப்பைத் துரத்துகிறவர்கள் ஆயுர்வேதத்தின் பெயரைச் சொல்வதுதான் பெரிய வேதனை. சரகர் தம் நூலில் மனித உடம்பின் இயல்பான நிறங்களைப் பட்டியல் போடுகிறார். கறுப்பில் தொடங்கி, கருமை கலந்த மாநிறம் வழியாக வெளிர்நிறம் வரை வருகிறார். அடுத்து, நோயின் அறிகுறியாகத் தோன்றும் நிறங்களைச் சொல்கிறார். நீலம், செம்பு, பச்சை இவற்றோடு வெண்மையும் அந்த இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது. 'வர்ண்யம்' என்று அவர் சொன்னது, அவரவர் நிறத்துக்கு உரிய தெளிவு. இன்னொருவர் நிறத்தை இரவல் வாங்குவது அவர் கணக்கிலேயே இல்லை.

வீட்டில் செய்ய

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நாலைந்து சரக்கு போதும். பாசிப்பயறு ஒரு பங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ ஆகியவை கொஞ்சம் கொஞ்சம். கார்போக அரிசியைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர் சொன்னால் மட்டும் சேர்க்கலாம். நைஸாகச் சலித்து, ஈரக் கை படாத டப்பாவில் வைத்து, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடும் அளவுக்கே அரைக்க வேண்டும். ஈரம் பட்ட பொடியில் பூஞ்சை பிடிக்கும்.

புதுப் பொடியோ தைலமோ, எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் காசளவு தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவந்தால் விட்டுவிட வேண்டும். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும் என்பதால், பலனைப் பார்க்க அத்தனை நாளாவது பொறுக்க வேண்டும். மூன்றே நாளில் மாற்றம் காட்டும் பொருளைக் கண்டுதான் பயப்பட வேண்டும். ஆறாத புண், பரவும் திட்டு, உருமாறும் மச்சம் இவற்றுக்குப் பொடி தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கடைசியாக, குளியலறையில் மகளுக்கோ பேத்திக்கோ பொடி தேய்த்துவிடும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "நல்லாத் தேய்ச்சுக்கோ, வெளுத்துடுவே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை கறுப்பு என்றால், சரகர் எழுதிய இயல்பான நிறங்களின் பட்டியலில் முதல் பெயர் அவளுடைய நிறம்தான். அதைச் சொல்லித் தேய்த்துவிடுங்கள்.