வாட்ச் ஏமாந்த கதை

போன மாசம் துறைமுகச் சாலையில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து வாட்ச்சைப் பார்த்தால், விஓ2 மேக்ஸ் 30லிருந்து 35க்கு ஏறியிருந்தது. நாற்பத்தாறு வயசில் இப்படியா என்று ஒரே சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது: இடையில் மாறியது பிரஷர் மாத்திரை மட்டும்தான். அது பீட்டா பிளாக்கர்.

உச்சகட்ட உழைப்பில், ஒரு கிலோ எடைக்கு, நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்துகிறது என்பதே இந்த எண். (சங்கு குளித்த எங்க மாமா, "மூச்சை அடக்கிக் காட்டு, சொல்றேன்" என்பார். அது இருக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிப்பது. இது எவ்வளவு வேகமாகச் செலவழிக்க முடியும் என்பது.) நேரடியாக அளக்க மாஸ்க் மாட்டி, சுமையைப் படிப்படியாகக் கூட்டி, கால் நின்றுபோகும்வரை மிதிக்க வேண்டும்.

1954ல் ஆஸ்ட்ராண்டும் ரூமிங்கும் சுலபமான வழி சொன்னார்கள். சுமாரான சுமையில் ஆறு நிமிடம் மிதித்தால் போதும். நாடித்துடிப்பை வைத்து உச்சத்தைக் கணிக்கலாம். ஒரே சுமையில் துடிப்பு குறைவென்றால் தகுதி அதிகம். வாட்ச்சின் கணக்கும் இதே வழிதான். மாத்திரை துடிப்பை அடக்க, வாட்ச் அதை உடற்தகுதி என்று நம்பிவிட்டது! உப்பளத்து வெயிலில் நேர்மாறு: துடிப்பு கூடி எண் இறங்கும். எதிர்காற்றைப் பவர் மீட்டர் சமாளிக்கும், வெயிலைச் சமாளிக்காது.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஜிம் சைக்கிளில் துடிப்பை விட்டுவிட்டு வாட்டை மட்டும் பார்த்தேன். 150 வாட்டில் தொடை கைவிட்டது. என் எடை 75 கிலோ. வாட்டை எடையால் வகுத்து, 10.8ஆல் பெருக்கி, 7 கூட்டினால் 28.6.

மாத்திரையை நிறுத்தவில்லை. வாட்ச்சில் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டேன்.