எத்தனை பேர் கூடினால் அது ஊர்?

தமிழ்நாட்டில் கிராம சபைக்கு விதித்திருக்கும் கணக்கு இது. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வந்திருக்க வேண்டும். 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கும் மேலே போனால் 300 பேர். அரசாணைத் தமிழில் இதைக் குறைவெண் என்பார்கள். ஊரில் எல்லாரும் சொல்வது கோரம்.

ஓர் அரசு தன் குடிமக்களை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க, அரசமைப்பின் முகவுரையைவிட இந்தச் சின்ன எண்ணைத்தான் நான் நம்புகிறேன். முகவுரை 'மக்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எத்தனை பேர் என்பதைக் கோரம்தான் சொல்லியாக வேண்டும்.

ஏதென்ஸில் அந்த எண் 6,000. பானை ஓட்டுச் சில்லில் பெயர் எழுதி ஒருவரை 10 ஆண்டு ஊரைவிட்டு விலக்கிவைக்க 6,000 சில்லு விழ வேண்டும். வெளியூர்க்காரருக்குக் குடியுரிமை கொடுக்கவும் 6,000 வாக்கு வேண்டும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அங்கே வயது வந்த ஆண் குடிமக்கள் சுமார் 30,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, ஐந்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் பெரிய முடிவுகள் நடக்கும். அத்தனை பேர் தானாக வந்துவிடவில்லை. சந்தையில் பேசிக்கொண்டு நின்றவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றை இழுத்துக்கொண்டே, மக்கள் கூடும் பினிக்ஸ் குன்றை நோக்கி ஓட்டினார்கள். கி.மு. 425-இல் அரிஸ்டோஃபனீஸ் அரங்கேற்றிய நாடகத்திலேயே அந்தக் கயிறு வருகிறது.

கயிறு போதாமல் பின்னால் கூலி வந்தது. முதலில் 1 ஓபல், பிறகு 2, பிறகு 3. அரிஸ்டாட்டில் காலத்தில் சாதாரணக் கூட்டத்துக்கு 1 டிராக்மா, அதாவது 6 ஓபல். முதன்மைக் கூட்டத்துக்கு 9 ஓபல். ஆண்டுக்கு 40 கூட்டம், அதில் முதன்மையானவை 10. ஒவ்வொன்றுக்கும் 6,000 பேர் வந்ததாக வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். 6,000 டிராக்மா 1 டேலன்ட். சாதாரணக் கூட்டங்கள் 30-க்கு 30 டேலன்ட், முதன்மைக் கூட்டங்கள் 10-க்கு 15 டேலன்ட், மொத்தம் 45. ஒரு போர்க்கப்பலில் 200 பேர். நாளுக்கு 1 டிராக்மா வீதம் அவர்களுடைய ஒரு மாதக் கூலியும் அதே 1 டேலன்ட்தான். ஒரு நாள் ஊர் கூடுவதும் ஒரு போர்க்கப்பல் ஒரு மாதம் கடலில் நிற்பதும் செலவில் சமம். அப்படியும் கொடுத்தார்கள். கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமானால் அந்த நாளுக்கு அவர் வீட்டில் உலை வைக்க வழி வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அந்தக் குன்றில் பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, குடியேறி வாழ்ந்தவர்களும் இல்லை. எல்லாரையும் சேர்த்தால் அந்த நாட்டில் 2 முதல் 3 லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் 6,000 என்பது நூற்றுக்கு 2 அல்லது 3 பேர். இப்போது கிராம சபைக்குத் திரும்புங்கள். கைக்குழந்தை வரை எண்ணிய மக்கள்தொகையில் 10,000 பேருள்ள ஊரில் நூற்றுக்கு 2 பேர், 3,001 பேருள்ள ஊரில் 6.7 பேர், 500 பேருள்ள ஊரில் 10 பேர் வர வேண்டும் என்கிறது நம் விதி. பெரிய ஊர்களில் ஏறக்குறைய ஏதென்ஸின் அளவு, சின்ன ஊர்களில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதுவும் பெண்களையும் எல்லாத் தெருக்களையும் சேர்த்து. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

சட்டம் செய்யும் அவைகளுக்கு வந்தால் எண் சட்டென்று இறங்கிவிடுகிறது. நம் மக்களவைக்கு அரசமைப்பின் 100-ஆவது பிரிவு கேட்பது பத்தில் ஒரு பங்கு. 543 பேரில் 55 பேர் இருந்தால் போதும். பிரிட்டனின் பொதுச்சபையில் 650 பேருக்கு 40. பிரபுக்கள் சபையில் வெறும் 3 பேர். மசோதாமீது வாக்கெடுப்பு என்றால் மட்டும் 30. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை பாதிக்கு மேல் கேட்கிறது: 435-க்கு 218.

அந்த 55 பேருக்குப் பின்னால் நிற்பவர்களையும் எண்ண வேண்டும். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 17.3 கோடி, இடங்கள் 489; ஓர் உறுப்பினருக்கு 3.5 லட்சம் பேர். 2024-இல் 96.8 கோடிப் பேருக்கு 543. ஓர் உறுப்பினருக்கு 17.8 லட்சம். பிரிட்டனில் ஓர் உறுப்பினருக்கு 75,000-ஐ ஒட்டிய வாக்காளர்கள். ஐஸ்லாந்தில் குழந்தைகளைச் சேர்த்தே 6,000 பேருக்கு ஒருவர். நம் வாக்கின் எடை 72 ஆண்டில் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. மக்களவையில் 55 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மதியத்தில், 87 கோடி வாக்காளர்களின் ஆள் அங்கே இல்லாவிட்டாலும் சட்டத்துக்குக் குறையில்லை.

செலவு எதிர்த்திசையில் ஏறியது. முதல் தேர்தலை நடத்த அரசுக்கு ஆனது 10.45 கோடி ரூபாய், வாக்காளருக்கு 60 காசு. 2014-இல் 3,870 கோடி, வாக்காளருக்கு 46 ரூபாய். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் செலவழிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 95 லட்சம். 17.8 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 5 ரூபாய் 34 காசு. கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது.

ஆள் வந்துவிட்டால் மட்டும் ஆட்சி மக்களுடையதாகிவிடாது. 2018 மார்ச் 11 அன்று சீனத்தின் தேசிய மக்கள் பேராயம், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைதான் நாட்டின் தலைவராக இருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3, செல்லாதது 1. கோரத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சீனக் குடிமக்கள் நேரடியாக வாக்களிப்பது ஊர், வட்ட அளவிலான பேராயங்களுக்கு மட்டும். அதற்கு மேல் கீழ்ச்சபை மேல்சபையைத் தேர்ந்துகொண்டே போகும். 139 கோடிப் பேரில் எத்தனை பேர் வேண்டாம் என்று நினைத்தார்கள் என்பதை அந்த '2' சொல்லாது. சவூதி அரேபியாவின் ஆலோசனைச் சபையில் 150 பேர். அத்தனை பேரையும் மன்னர் நியமிக்கிறார்.

இத்தாலியின் கதை வேறு. 1946 ஜூன் 2 அன்று, முடியாட்சியா குடியரசா என்று அந்த நாடு மக்களையே கேட்டது. 100-க்கு 89 பேர் வந்தார்கள். குடியரசுக்கு 1.27 கோடி, மன்னருக்கு 1.07 கோடி. பிறகு வந்த அரசமைப்பு, 5 லட்சம் பேர் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தை நீக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுக்க இடம் கொடுத்தது. ஆனால் வாக்காளரில் பாதிக்கு மேல் வராவிட்டால் முடிவு செல்லாது. இந்த விதி எதிர்ப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழியைத் திறந்துவிட்டது. வந்து 'இல்லை' என்று போடுவதைவிட வராமல் இருப்பது பலன் தரும். 1991-இல் முன்னாள் பிரதமர் பெத்தினோ கிராக்ஸி, வாக்களிக்காமல் கடற்கரைக்குப் போங்கள் என்றே சொன்னார். அந்த ஜூன் 9 அன்று 100-க்கு 62 பேர் வந்து அவர் பேச்சைத் தள்ளினார்கள். 2025 ஜூனில் குடியுரிமை, தொழிலாளர் சட்டங்கள் குறித்த வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் 100-க்குச் சுமார் 30 பேர், எல்லாம் வீணானது.

சுவிட்சர்லாந்தில் இந்தக் கோரமே இல்லை. ஆண்டுக்கு நான்கு முறை வரை வாக்குநாள் வரும். வந்தவர் எண்ணப்படுவார், வராதவர் எந்தப் பக்கமும் இல்லை. 100 நாளில் 50,000 கையெழுத்து வாங்கினால் நாடாளுமன்றம் செய்த சட்டத்தை மக்கள்முன் நிறுத்தலாம். எனக்கு இதுதான் நேர்மையாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த வாக்குச்சீட்டு ஆண்களிடம் மட்டும் இருந்தபோது, 1959-இல் பெண்களுக்கு வாக்குரிமை தர மூன்றில் இரண்டு பேர் மறுத்தார்கள். 1971 பிப்ரவரி 7 அன்றுதான் 65.7 விழுக்காடு சம்மதித்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் கோரத்துக்கு எண் இல்லை. முதல் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டிய அந்தச் சாசனம் இளையோர் முதியோர் அடங்கிய முழுச்சபையையும் கூட்டச் சொல்கிறது. 30 குடும்புகளுக்கு, அதாவது ஊரின் பகுதிகளுக்கு, 30 பேர்; பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். கால் வேலிக்கு மேல் இறைநிலம் உள்ள, வேதம் கற்ற, 35 முதல் 70 வயது வரையிலான ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்திருந்தது. அதைக் குடியாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஒரு விதியை மட்டும் விட மனமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் மறுபடி குடத்தில் போடப்படாது.

இன்றைக்கு ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள். ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம் என்றால் 18 மணி நேரம். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் பதிவேடு கையெழுத்துகளால் நிறைந்திருந்தது, நாற்காலிகளில் பாதி காலி. வந்தவர்களில் பலர் நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். வராதவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. அன்று கொத்து வேலைக்கோ நாற்று நடவோ போனால் கையில் காசு. சபையில் உட்கார்ந்தால் டீ.

ஏதென்ஸ் போட்ட கணக்கை இங்கேயும் போடலாம். ஊராட்சிகள் 12,500. ஊராட்சிக்குச் சராசரியாக 200 பேர், ஆளுக்கு அரை நாள் கூலியாக 150 ரூபாய், ஆண்டுக்கு 6 கூட்டம். 25 லட்சம் பேருக்குக் கூட்டம் ஒன்றுக்கு 37.5 கோடி, ஆண்டுக்கு 225 கோடி ரூபாய். மாநிலத்தின் ஆண்டுச் செலவு 3 லட்சம் கோடிக்கு மேல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூட்டம் முடிந்தபின், தீர்மானத்தை எல்லார் காதிலும் விழும்படி வாசித்தபின், ஒவ்வொருவர் கையிலும் அந்த 150-ஐக் கொடுக்க வேண்டும்.