திரைக்கு இப்பால் ஒரு செவிலியர்

இந்தியாவில் தொலைமருத்துவம் செயற்கைக்கோளின் துணையோடு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ நிறுவனம் இதற்கென ஒரு மையத்தைத் திறந்தது. 2001 முதல் இஸ்ரோ, அந்தமான், லட்சத்தீவு போன்ற தொலைதூரப் பகுதிகளைப் பெருநகர மருத்துவமனைகளோடு இணைக்க முனைந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறு வழியில் போனது. தேனி வட்டாரத்தில் சரியான இணைய வசதி இல்லாத காலத்தில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கோபுரங்களில் ஆன்டெனா பொருத்தி, வைஃபை அலைகளைப் பல கிலோமீட்டருக்கு அனுப்பியது. அப்படி இணைந்த, விஷன் சென்டர் எனப்படும் சிறு கண் பரிசோதனை மையங்களில் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஸ்லிட் லேம்ப் கருவியால் கண்ணைச் சோதித்து விவரங்களை அனுப்புவார். மருத்துவர் காணொளியில் நோயாளியிடமே பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே கிடைத்துவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் நகரத்துக்குப் போனால் போதும். துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, இருவர் கூலியையும் இழந்து பஸ் ஏறுகிற குடும்பத்துக்கு இது சிறிய உதவி அல்ல.

தொலைமருத்துவத்துக்கென அரசின் தெளிவான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்றுதான் வந்தன. கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் அன்றே. ஏப்ரலில் அரசின் 'இ-சஞ்சீவனி', வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் சேவையைத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் அதன் ஆலோசனைகள் பத்துக் கோடியைத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதி, துணை சுகாதார நிலையப் பணியாளர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைத்தவை.

காரணம் வெளிப்படை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஊரகப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார். செல்போன் இருந்தாலும், வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்கவோ ரத்த அழுத்தம் அளக்கவோ திரையால் ஆகாது. பேச்சே சிகிச்சையின் பெரும்பங்காக உள்ள மனநலத்தில் நிலைமை வேறு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணை அழைக்க ஒரு சாதாரண போனே போதும்.

மற்ற நோய்களுக்கு நோயாளியின் பக்கத்தில் தேர்ந்த கை ஒன்று வேண்டும். புதிய செயலிகளுக்குப் பணம் ஒதுக்குமுன், துணை சுகாதார நிலையங்களில் போதிய செவிலியர்களை அமர்த்தி, மருத்துவர் எழுதும் மாத்திரை அங்கேயே இருப்பில் இருக்க அரசுகள் வழி செய்யட்டும்.